கேன்சர் வேஷம் போடும் சிறுநீர்ப்பைப் புண்கள்

சிறுநீரில் ரத்தம் போகிறது. யூராலஜிஸ்ட் கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்க்கிறார். சிறுநீர்ப்பைச் சுவரில் ஓரிடம் சிவந்து புடைத்திருக்கிறது. பார்வைக்குக் கட்டி மாதிரிதான் இருக்கிறது என்று சுரண்டி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புகிறார். ரிசல்ட் வரும்வரை வீட்டில் யாருக்கும் சரியான தூக்கமில்லை. வந்த ரிப்போர்ட்டில் ‘நெஃப்ரோஜெனிக் அடினோமா’ என்றோ ‘வான் ப்ரன் நெஸ்ட்ஸ்’ என்றோ எழுதியிருக்கிறது. கேன்சர் என்ற வார்த்தை எங்குமே இல்லை. சரி, நிம்மதி என்று விட முடிகிறதா? பெயரை கூகுளில் போட்டால் ‘புற்றுநோய் போலவே தோன்றக்கூடியது’ என்ற வரிதான் முதலில் வந்து நிற்கும்.

அந்த வரி உண்மைதான். சிறுநீர்ப் பாதையில் கெடுதல் இல்லாத சில மாற்றங்கள் உண்டு. அவை வேறு உறுப்புகளுக்குப் பரவாது, உயிரை எடுக்காது. ஆனால் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் புற்றுநோயின் ஜாடை அப்படியே இருக்கும். திசுவை ஆராய்ந்து நோயைச் சொல்லும் டாக்டரான பத்தாலஜிஸ்ட், அனுபவம் உள்ளவர்கூட, ஒரு நிமிடம் கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்ப்பார்.

முதலில் அந்தச் சுவரைத் தெரிந்துகொள்வோம். சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் இடம், அங்கிருந்து இறங்கும் குழாய்கள், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் உட்புறத்திலும் வெளியேறும் பாதையின் ஒரு பகுதியிலும் ஒரே வகைப் படலம்தான் இருக்கிறது. அதற்கு யூரோதீலியம் என்று பெயர். பை காலியாக இருக்கும்போது அது 5, 6 அடுக்கு செல்களாகத் தெரியும்; நிரம்பி விரியும்போது மெலிந்துவிடும். மேல் அடுக்கில் இருப்பவை குடை செல்கள், கீழே இருக்கும் செல்களை மூடிக்கொண்டிருப்பவை. படலத்துக்குக் கீழே மெல்லிய இணைப்புத் திசு, அதற்குக் கீழே கெட்டியான தசை, அதற்கும் வெளியே கொழுப்பு.

சுரண்டி எடுத்த துணுக்கு ஃபார்மலினில் ஊறி, மெழுகுக் கட்டியில் பதிந்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு தடிமனுக்கும் மெலிதாகச் சீவப்பட்டு, ஊதாவும் இளஞ்சிவப்பும் ஏற்றப்பட்டு ஸ்லைடாக வருகிறது. அதைப் பார்ப்பவர் மனதில் ஓடுவது முக்கியமாக இரண்டு கேள்விகள். செல்கள் எப்படி இருக்கின்றன? எங்கே இருக்கின்றன? உட்கரு பெருத்து, கறுத்து, ஒன்றுக்கொன்று அளவில் பொருந்தாமல், கண்டபடி பிரிந்துகொண்டிருந்தால் முதல் கேள்விக்கு மோசமான பதில். படலத்தில் இருக்க வேண்டிய செல்கள் கீழே இணைப்புத் திசுவிலோ தசையிலோ கூட்டம் கூட்டமாக இருந்தால் இரண்டாவது கேள்விக்கும் மோசமான பதில். கேன்சர் என்று சொல்வதற்கான அடிப்படையே இந்த இரண்டும்தான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், காயம் பட்ட சிறுநீர்ப்பையும் இதே இரண்டையும் செய்யும். சிறுநீர்ப்பை அளவுக்கு அடிபடும் உறுப்புகள் குறைவு. கல் உரசுகிறது, கிருமி தாக்குகிறது, நாள்கணக்கில் யூரின் டியூப் உள்ளே கிடக்கிறது, ஆபரேஷன் கருவி போய் வருகிறது, பக்கத்து உறுப்புக்குக் கொடுத்த கதிர்வீச்சு இதன் மேலும் விழுகிறது. காயம் ஆற வேண்டுமென்றால் செல்கள் வேகமாகப் பிரிய வேண்டும். வேகமாகப் பிரியும் செல்லின் உட்கரு பெரிதாகத்தான் இருக்கும். ஆறும்போது படலம் சில இடங்களில் கீழ்நோக்கியும் மடிந்து வளரும். ஆக, ஆறிக்கொண்டிருக்கும் திசுவும் அடங்காமல் வளரும் திசுவும் ஒரு கட்டத்தில் ஒரே முகத்தோடு வந்து நிற்கின்றன.

வான் ப்ரன் கூடுகளில் இதை நன்றாகப் பார்க்கலாம். ஆல்பர்ட் வான் ப்ரன் என்ற ஜெர்மன் உடற்கூறியலாளர் 1893-இல் விவரித்தவை இவை. படலத்திலிருந்து செல்கள் மொட்டு மொட்டாகக் கீழே இறங்கி, இணைப்புத் திசுவுக்குள் வட்டக் கூடுகளாக நிற்கும். ஆலமரத்து விழுதுகளைக் குறுக்கே அறுத்து, அறுத்த முகத்தை மட்டும் பார்ப்பவருக்குத் தனித்தனி வட்டங்கள்தான் தெரியும்; மேலே கிளையோடு உள்ள தொடர்பு தெரியாது. ஸ்லைடும் அப்படி ஒரு வெட்டுதான். ‘இந்தச் செல்கள் இங்கே எப்படி வந்தன, ஊடுருவிவிட்டனவோ’ என்ற சந்தேகம் அதனால்தான் வருகிறது. உண்மையில் பெரும்பாலான பெரியவர்களின் சிறுநீர்ப்பையில் இந்தக் கூடுகள் சாதாரணமாகவே இருக்கும். கூட்டின் நடுவில் குழி விழுந்து நீர் கோத்தால் சிஸ்டைட்டிஸ் சிஸ்டிகா, சுரப்பி மாதிரி செல்கள் வந்தால் சிஸ்டைட்டிஸ் கிளாண்டுலாரிஸ். பெயர்தான் மாறுகிறது, குடும்பம் ஒன்று.

இதில் ஒரு கொடுமை உண்டு. ‘நெஸ்டட்’ வகைப் புற்றுநோய் என்று ஒன்று இருக்கிறது. அது நேர் எதிர்த் திசையில் ஏமாற்றும்: உண்மையான கேன்சர், ஆனால் பார்க்க வான் ப்ரன் கூடு மாதிரி சாதுவாக இருக்கும். உட்கருவும் பெரிதாக மிரட்டாது. கண்டுபிடிக்கும்போது பலருக்குத் தசைக்குள் இறங்கிவிட்டிருக்கும். நல்லதைக் கெட்டது என்று சொல்லிவிடக் கூடாது என்று மட்டும் பயந்துகொண்டிருப்பவர் இங்கே கெட்டதை நல்லது என்று அனுப்பிவிடுவார். என்னைக் கேட்டால், இந்தப் பகுதி முழுவதிலும் கஷ்டமான ஜோடி இதுதான்.

பிரித்துப் பார்ப்பதற்குச் சில பிடிகள் உண்டு. நல்ல கூடுகள் ஏறக்குறைய ஒரே அளவில், இடைவெளி விட்டு, ஒழுங்காக நிற்கும். அவற்றின் கீழ் எல்லை ஒரு கோடு போட்டாற்போல ஒரே மட்டத்தில் முடியும். புற்றுநோய்க் கூடுகள் சிறியவை, நெருக்கியடித்து நிற்பவை, ஒன்றோடொன்று ஒட்டி உருக்குலைந்தவை. அவற்றின் கீழ் எல்லை பல மட்டங்களில் கன்னாபின்னா என்று இறங்கும். ஆகவே சுரண்டி எடுத்த துணுக்கில் அடிப்பகுதியும் தசையும் இருந்தால்தான் பத்தாலஜிஸ்ட்டுக்குப் பிடி கிடைக்கும். மேலாக ஒரு கிள்ளு கிள்ளி அனுப்பிவிட்டு ‘இது என்ன’ என்று கேட்டால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ‘மறுபடியும் ஆழமாக எடுத்து அனுப்பவும்’ என்று ரிப்போர்ட் வருவது பல சமயம் இதனால்தான். அதைத் திறமைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். இப்போது ‘டெர்ட்’ என்ற மரபணுவின் முன்பகுதியில் மாற்றம் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். நெஸ்டட் புற்றுநோயில் அது அடிக்கடி இருக்கும், வான் ப்ரன் கூட்டில் இருக்காது.

அடுத்தது நெஃப்ரோஜெனிக் அடினோமா. இதன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. சிறுநீர்ப்பைப் படலத்தின் மேல் சின்னப் பருபோல, பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக, முளைத்திருக்கும். ஸ்லைடில் பார்த்தால் குட்டிக் குழாய்கள், சின்னச் சின்ன நீர்ப்பைகள், காம்புகள். சில குழாய்களின் உள்ளே உட்கரு ஆணித்தலை மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். சிறுநீரகத்துக்குள் இருக்கும் நுண்குழாய்களின் சாயல் இருந்ததால்தான் 1950-இல் இந்தப் பெயர் வந்தது. ஆனால் சிறுநீரகத்துக் குழாய் சிறுநீர்ப்பைச் சுவரில் எப்படி வரும்? படலமே காயத்தால் உருமாறி இப்படி ஆகிவிட்டது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள்.

2002-இல் வியன்னாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு இதைத் தலைகீழாக்கியது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களுக்கு இந்தப் பரு அடிக்கடி வரும். அவர்களில் பெண்ணின் சிறுநீரகத்தைப் பெற்ற ஆண்களையும், ஆணின் சிறுநீரகத்தைப் பெற்ற பெண்களையும் எடுத்துக்கொண்டார்கள். பருவின் செல்களில் எக்ஸ், ஒய் குரோமோசோம்களைத் தேடினார்கள். சுற்றியிருந்த சிறுநீர்ப்பைத் திசு நோயாளியின் பாலினத்தைக் காட்டியது. பரு மட்டும் சிறுநீரகம் கொடுத்தவரின் பாலினத்தைக் காட்டியது! அதாவது, சிறுநீரகக் குழாயிலிருந்து உதிர்ந்த செல்கள் சிறுநீரோடு மிதந்து வந்து, சிறுநீர்ப்பையில் காயம் பட்ட இடத்தில் ஒட்டி, அங்கேயே வளர்ந்திருக்கின்றன. உதிர்ந்து வந்து ஒட்டிக்கொள்வதால் இதைக் கேன்சர் பரவுவதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒட்டிய இடத்தோடு சரி, அது சுவரைத் தின்று கீழே இறங்குவதில்லை.

ஆனால் மைக்ரோஸ்கோப்பில் இது போடும் வேஷங்கள் கொஞ்சமல்ல. குழாய்கள் கீழே தசை இழைகளுக்கிடையில் கொஞ்சம் புகுந்தாற்போல இருந்தால் ஊடுருவல் மாதிரி தெரியும். ஆணித்தலைச் செல்கள் ‘கிளியர் செல்’ வகைப் புற்றுநோயை நினைவுபடுத்தும். ஆண்களுக்கு, புராஸ்டேட்டை ஒட்டிய சிறுநீர்ப் பாதையில் இது வந்தால் இன்னும் மோசம், புராஸ்டேட் கேன்சர் போலவே இருக்கும். புராஸ்டேட் கேன்சரைப் பிடிக்க ‘ஏ.எம்.ஏ.சி.ஆர்.’ என்ற ஸ்பெஷல் சாயம் போடுவார்கள். கேன்சரானால் அது ஏறும், அதாவது செல்களில் நிறம் பிடிக்கும். கூடவே ‘பி63’ போடுவார்கள். கேன்சரானால் அது ஏறாது. நெஃப்ரோஜெனிக் அடினோமாவிலும் முதலாவது பெரும்பாலும் ஏறும், இரண்டாவது ஏறாது. வழக்கமான இரண்டு சாயத்தையும் போட்டுவிட்டு, இரண்டும் ஒத்துப்போகிறதே என்று கையெழுத்துப் போட்டால் நல்ல மனிதருக்குக் கேன்சர் பட்டம் கட்டிவிடுவோம். இங்கே கைகொடுப்பது ‘பாக்ஸ்8’. சிறுநீரகக் குழாய் வம்சத்தைக் காட்டும் சாயம் அது; நெஃப்ரோஜெனிக் அடினோமாவில் ஏறும், புராஸ்டேட் கேன்சரில் ஏறாது. அதுவும் எல்லா இடத்திலும் செல்லாது. கிளியர் செல் புற்றுநோயிலும் பாக்ஸ்8 ஏறும் என்பதால் அங்கே மறுபடியும் செல்லின் முகம், பிரியும் வேகம், ஊடுருவும் ஆழம் இவற்றைத்தான் நம்ப வேண்டும். சாயத்தில் விடை வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

இந்தப் பரு எடுத்த பிறகும் சிலருக்குத் திரும்ப வரும். திரும்ப வந்ததே என்று பதற வேண்டியதில்லை. அதன் குணமே அப்படி.

கதிர்வீச்சு தனிக் கதை. நம்மூரில் ‘கரண்ட் வைத்தார்கள்’ என்று சொல்வார்களே, அதுதான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கோ புராஸ்டேட்டுக்கோ கரண்ட் வைத்தவர்களுக்குச் சில மாதம் கழித்தும் வரலாம், பல வருடம் கழித்தும் வரலாம், திடீரென்று சிறுநீரில் ரத்தம். உள்ளே பார்த்தால் சிவந்து கிடக்கும். ஏற்கனவே ஒரு கேன்சர் வந்தவர் என்பதால் டாக்டர் மனதிலும் அதே பயம்தான் முதலில் எழும். பயாப்ஸியில் யூரோதீலியச் செல்கள் ஒழுங்கற்ற திட்டுகளாகக் கீழே இறங்கியிருக்கும், உட்கருவும் விகாரமாக இருக்கும். அச்சு அசல் ஊடுருவிய புற்றுநோய்.

ஆனால் சுற்றுப்புறத்தைக் கவனித்தால் வேறு செய்தி கிடைக்கும். ரத்தக் குழாய்கள் வீங்கியிருக்கும், சுவர் தடித்திருக்கும், உள்ளே ஃபைப்ரின் என்ற உறைபொருள் அடைத்திருக்கும். திசுவில் பழைய ரத்தக்கசிவின் பழுப்புத் தடம் இருக்கும். செல் திட்டுகள் இந்தக் குழாய்களைச் சுற்றி அணைத்தாற்போல நிற்கும். கதிர்வீச்சால் ரத்த ஓட்டம் கெட்டு, திசு வாடி, அதற்குப் பதிலாகப் படலம் இப்படி வளர்ந்திருக்கிறது. இதற்குப் பொய்ப்புற்று வளர்ச்சி என்ற பொருளில்தான் பெயரே வைத்திருக்கிறார்கள். கரண்ட் வைக்காதவர்களுக்கும், நெடுநாள் டியூப் போட்டவர்களுக்கும் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் இது வந்ததுண்டு. அதற்காகக் கரண்ட் வைத்தவருக்குச் சிறுநீர்ப்பையில் நிஜக் கேன்சர் வராது என்று அர்த்தமில்லை, வாய்ப்பு சற்று கூடத்தான் செய்யும். அதனால்தான் பார்ப்பவர் இரண்டு பக்கமும் மனதைத் திறந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

1984-இல் அமெரிக்காவில் பிராப், ஸ்கல்லி, ரோசாய் மூவரும் எட்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஆபரேஷன் நடந்து மூன்று மாதத்துக்குள், வெட்டிய இடத்தில் முடிச்சு போல ஒரு வளர்ச்சி. ஸ்லைடில் நீள நீளமான கதிர் வடிவச் செல்கள், வரிசை வரிசையாகப் பிரிந்துகொண்டிருந்தன. பார்த்த மாத்திரத்தில் சார்கோமா, அதாவது தசை போன்ற திசுக்களில் வரும் புற்றுநோய், என்று சொல்லத் தோன்றும். அவையோ ஆறும் காயத்தின் ஆர்வக்கோளாறு, அவ்வளவுதான். அவர்கள் கவனித்த முக்கியமான விஷயம், பிரியும் செல்கள் எத்தனை இருந்தாலும் பிரியும் விதம் ஒழுங்காகவே இருந்தது என்பது. பிற்காலத்தில் ஆபரேஷன் எதுவும் இல்லாமலே வரும் இதே சாயல் வளர்ச்சிகளையும் கண்டார்கள். அவற்றில் பலவற்றில் ‘ஏ.எல்.கே.’ என்ற புரதம் இருக்கும். படலச் செல்களில் இருக்கும் கெராட்டின் என்ற புரதத்தைக் காட்டும் சாயமும் இவற்றில் ஏறிவிடும் என்பது இன்னொரு பொறி. கெராட்டின் ஏறினால் புற்றுநோய் என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டியூப் போட்டவர்களுக்கு வரும் பாலிபாய்ட் சிஸ்டைட்டிஸ், விரல் விரலாக நீட்டிக்கொண்டு, காம்போடு வளரும் ‘பாப்பிலரி’ வகைக் கேன்சர் கட்டி மாதிரி இருக்கும். அதன் காம்பு அகலமாக, நீர் கோத்து, வீங்கியிருக்கும்; நிஜக் கட்டியின் காம்பு மெலிந்து கிளை விடும். மலாக்கோபிளாக்கியா என்பது ஈ.கோலை கிருமியை விழுங்கிய தற்காப்பு செல்கள் அதைச் செரிக்க முடியாமல் தேங்கி நிற்பது. மஞ்சள் நிறத் திட்டாக இருக்கும். 1902-இல் மிக்கேலிஸும் குட்மனும் விவரித்த, வளையத்துக்குள் வளையமாகத் தெரியும் உருண்டைகள் ஸ்லைடில் கிடைத்தால் கதை முடிந்தது. பெண்களுக்குக் கர்ப்பப்பை உட்சுவரின் திசு சிறுநீர்ப்பையில் போய் வளர்ந்தால் அதுவும் சுரப்பிப் புற்றுநோய் மாதிரி காட்டும். மாதவிடாய் நாள்களில் வலி கூடுகிறதா என்று ஒரு கேள்வி கேட்டால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

படலத்தை விட்டு இறங்காமல் மேலேயே இருக்கும் மாற்றங்களில் ஒரு குழப்பம் உண்டு. வெறும் அழற்சியா, அல்லது ‘கார்சினோமா இன் சிட்டு’ என்ற தட்டையான, ஆபத்தான ஆரம்பக் கேன்சரா? அளவுகோல் ஸ்லைடிலேயே இருக்கிறது: பக்கத்தில் கிடக்கும் ஒரு லிம்ஃபோசைட், அதாவது வெள்ளணு வகைச் செல். நல்ல யூரோதீலியச் செல்லின் உட்கரு அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். கேன்சரில் நாலைந்து மடங்குக்குப் போய்விடும். அழற்சியில் உட்கரு பெருத்தாலும் எல்லாம் ஒரேபோல் பெருத்திருக்கும், நடுவில் ஒரு தெளிவான புள்ளி இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் ‘சி.கே.20’ என்ற சாயம் போடுவார்கள். சாதாரணமாக அது குடை செல்களில் மட்டும் ஏறும். கேன்சரில் பெரும்பாலும் அடி முதல் மேல் வரை ஏறும்.

துணுக்கு எடுக்காமல் சிறுநீரை மட்டும் சோதிக்கும்போதும் இந்தக் கண்கட்டு வித்தை நடக்கும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களின் சிறுநீரில் சில செல்கள் உட்கரு பெருத்து, கறுத்து, பயங்கரமாக இருக்கும். உள்ளே உற்றுப் பார்த்தால் உட்கரு பனிக்கண்ணாடி போல மழுங்கி, உள் அமைப்பு எதுவும் இல்லாமல் கிடக்கும். அது பி.கே. வைரஸின் வேலை. 1971-இல் லண்டனில் அந்த வைரஸ் முதன்முதலில் கிடைத்ததும் ஒரு மாற்றுச் சிறுநீரக நோயாளியின் சிறுநீரில்தான். அவருடைய பெயரின் முதல் எழுத்துகளே அதற்குப் பெயராயின. இந்தச் செல்களுக்கு ஆய்வகத்தில் ‘டிகாய் செல்’ என்று பெயர், நிஜ வாத்துகளை ஏமாற்ற வேட்டைக்காரன் மிதக்க விடும் பொம்மை வாத்தின் பெயர்.

மேலே சொன்ன எல்லாவற்றையும் திரும்பப் பாருங்கள். டியூப், கல், கரண்ட், ஆபரேஷன் தேதி, மாற்றுச் சிறுநீரகம், மாதவிடாய் வலி. இவற்றில் பெரும்பாலானவற்றை ஸ்லைடு வாய்விட்டுச் சொல்லாது. பயாப்ஸியோடு போகும் கோரிக்கைப் படிவத்தில்தான் எழுதியிருக்க வேண்டும். நடைமுறையில் அந்தப் படிவம் எப்படி இருக்கும் தெரியுமா? பெயர், வயது, ‘ஹெமச்சூரியா, பிளாடர் குரோத், ஃபார் எச்.பி.இ.’ (சிறுநீரில் ரத்தம், சிறுநீர்ப்பையில் வளர்ச்சி, திசுப் பரிசோதனைக்கு) என்று ஒரு வரி. அவசரத்தில் ஜூனியர் டாக்டர் கிறுக்கியது. ஆறு வருடத்துக்கு முன் கரண்ட் வைத்தது அதில் இருக்காது. போன மாதம்தான் கல் எடுத்தார்கள் என்பதும் இருக்காது. இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். சாயத்துக்கும் மரபணுச் சோதனைக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் இடத்தில், காசில்லாமல் கிடைக்கும் தகவலை எழுதாமல் விடுகிறோம்.

தவறு எந்தப் பக்கம் நடந்தாலும் விலை பெரியது. தசைக்குள் இறங்கிய கேன்சர் என்று முடிவானால் முழுச் சிறுநீர்ப்பையையும் எடுப்பது வழக்கமான சிகிச்சைகளில் ஒன்று. ஆண்களுக்கு புராஸ்டேட்டும் கூடப் போகும். பிறகு குடலின் ஒரு துண்டில் வழி செய்து, பலர் வயிற்றில் பை கட்டிக்கொண்டு வாழ வேண்டும். ஆகவே பயாப்ஸி எடுக்கும் நாளில் நோயாளியோ கூட வந்தவரோ பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, கதிர்வீச்சு கார்டு, மாற்றுச் சிறுநீரக விவரம், சிறுநீர்ப்பைக் கேன்சருக்கான பி.சி.ஜி. மருந்து உள்ளே விட்டிருந்தால் அதன் தேதி எல்லாவற்றையும் கையில் கொண்டுபோய், ‘இதையும் பயாப்ஸி ஃபார்மில் எழுதிடுங்க டாக்டர்’ என்று சொல்வதில் தப்பே இல்லை. ரிப்போர்ட்டில் சந்தேகம் தொனித்தால், பெரிய ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளும் முன் சிறுநீர்ப் பாதைப் பயாப்ஸிகளை அதிகம் பார்க்கும் இன்னொரு பத்தாலஜிஸ்ட்டிடம் காட்டலாம். அதற்கு ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது. ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் வேண்டும். ஆய்வகத்தில் எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள். திருப்பித் தர வேண்டியது என்பதால், அந்த பிளாக்குகளை வெயிலில் நிற்கும் காரில் மட்டும் வைத்துவிடாதீர்கள், மெழுகு உருகிவிடும்.